மூலையில் இருந்த ஒரு பூண்டுப் பல்

சிலேட்டில் நாற்பது என்று எழுதியிருந்தது. தப்பு என்று சொல்லி, நீட்டிய கையில் ஓர் அடி வைத்துவிட்டு, அழித்து மறுபடி போடச் சொன்னேன். எச்சில் தொட்டு அழித்தாள். குனிந்து நிதானமாக எழுதிக் கொண்டுவந்து காட்டினாள். மறுபடியும் நாற்பது. இன்னோர் அடி.

அதற்குள் நான் கரும்பலகையில் சரியான விடையை, அறுபது என்று, பெரிதாக எழுதிவிட்டேன். மற்ற பிள்ளைகள் அதைப் பார்த்து மளமளவென்று எழுதிக்கொண்டார்கள். இவளும் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மூன்றாவது தடவையும் நாற்பது என்றே எழுதிக் கொண்டுவந்து நீட்டினாள். அன்று எனக்கு வந்த கோபத்தை இந்த வயதில் நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அவள் பெயர் குருவம்மா. பதினோரு வயது. ஐந்தாம் வகுப்பில் இரண்டாவது வருஷம். எனக்கு இருபது முடிந்திருந்தது. பயிற்சிப் பள்ளியிலிருந்து நேராக மலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அறுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்தைச் சரியாகச் சொல்லப் போனால் நான் தப்பாகத்தான் சொல்வேன்.

கணக்கு இதுதான். ஒரு பூண்டில் பன்னிரண்டு பல். ஐந்து பூண்டில் எத்தனை பல்?

புத்தகத்தில் மாம்பழக் கூடை என்று இருந்தது. கோடையிலும் கம்பளி போர்த்துகிற ஊரில் மாமரம் ஏது? பிள்ளைகளுக்குத் தெரிந்த பொருளை வைத்துக் கேட்போமே என்று நான்தான் பூண்டாக மாற்றினேன். அந்தச் சாமர்த்தியத்துக்காக என்னை நானே மெச்சிக்கொண்டும் இருந்தேன். பார்த்தால், ஐந்தாம் வகுப்பில் இருந்த எட்டுப் பிள்ளைகளும் ஆளுக்கொரு விடை போட்டிருந்தார்கள். ஒருத்தன் முப்பத்தைந்து. ஒருத்தி ஐம்பது. இன்னொருத்தன் வெறும் சிலேட்டை நீட்டி, பூண்டைப் பார்த்தால்தான் சொல்லமுடியும் என்றான். அறுபது மட்டும் ஒரு சிலேட்டிலும் இல்லை. மாம்பழமாகவே விட்டிருந்தால் பாதிப் பேராவது சரியாகப் போட்டிருப்பார்கள்.

கணக்கில் புலி

காய்கறி லாரியின் மேல் உட்கார்ந்து மலையேறிய கதையைச் சென்ற வாரம் எழுதியதும், அது எந்த ஊர் என்று கேட்டு ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். சொல்ல மாட்டேன். கொடைக்கானலுக்கும் மேலே, பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகிற ஊர்களில் ஒன்று, அவ்வளவுதான். அந்த ஊர்க்காரர்களுக்கு ஞாபகசக்தியும் அதிகம், ரோஷமும் அதிகம். நான் அங்கே அடித்த அடிகளுக்குப் பேரன்களை அனுப்பிவிடுவார்கள்.

நான் பிறந்தது கீழே, பாலசமுத்திரத்தில். அப்பாவுக்குப் பழனி அடிவாரத்தில் கடை. மொட்டை போட்டுவிட்டு வருகிறவர்களுக்குத் தலையில் பூசச் சந்தனம் விற்பார். விடுமுறையில் கடைக்குப் போனால் அப்பா என்னைச் சந்தனக் கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தி, வருகிற பக்தர்களிடம், "எங்க புள்ள பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் மூச்சு விடாமச் சொல்லும்" என்பார். நானும் சொல்வேன். மொட்டைத் தலைகள் எல்லாம் ஆடும். கணக்கில் நான் ஒரு புலி என்று நம்பிக்கொண்டுதான் வளர்ந்தேன்.

அந்தப் புலிக்கு வாய்ப்பாடு எப்படி வந்தது என்று கேளுங்கள். எங்கள் கணக்கு வாத்தியார் ஒரு வரி தப்பினால் காதைத் திருகுவார். இரண்டு வரி தப்பினால் முட்டி போடச் சொல்வார். எனக்குக் காதுவலி ஆகாது. ஆகவே வாய்ப்பாடு வந்துவிட்டது. ஏழெட்டு ஐம்பத்தாறு. எட்டேழும் ஐம்பத்தாறு. இரண்டும் ஏன் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருஷம் படித்தேனே, அங்கேயும் யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை.

இப்படிப்பட்ட புலியைத்தான் அரசாங்கம் அந்த மலைக்கு அனுப்பியது.

மாயாண்டி வைத்த கெடு

குருவம்மா விஷயத்தில் எனக்குக் கோபம் மட்டும் இல்லை, பயமும் இருந்தது. பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரமே அவளுடைய அப்பா மாயாண்டி வந்து வாசலில் நின்றார். உயரமான மனிதர். தோளில் ஒரு பழைய கம்பளி. உள்ளே வரச் சொன்னால் வரமாட்டார். மலையில் தோட்டத்தையும் வயலையும் காடு என்றுதான் சொல்வார்கள். அவருக்கு ஐந்தாறு படிக்கட்டாகச் சரிவில் ஒரு பூண்டுக் காடு இருந்தது.

"டீச்சரம்மா, மூத்தவளக் கட்டிக் குடுத்தாச்சு. காட்டுச் சோலிக்கு ஆளு இல்ல. இவளுக்கு இந்த ஒரு வருசந்தான். கணக்கு வந்துச்சுன்னா கொடைக்கானல் விடுதிக்கு அனுப்பிப் பாக்குறேன். வரலேன்னா பூண்டு நட வரட்டும்" என்றார்.

கொடைக்கானலில் ஒரு பெண்கள் பள்ளி, விடுதியோடு இருந்தது. மலைக் கிராமத்துப் பெண்களுக்கென்று வருஷத்துக்கு இரண்டு இடம் ஒதுக்குவார்கள். ஏப்ரலில் கூப்பிட்டு நேரில் கேள்வி கேட்பார்கள், கணக்கில்தான் அதிகம் கேட்பார்கள் என்று பேச்சு. எங்கள் ஊரிலிருந்து அதுவரை ஒரு பெண்ணும் போனதில்லை. குருவம்மா தமிழ் நன்றாகப் படிப்பாள். வரைபடத்தில் தாமிரபரணியைத் தேடாமல் காட்டுவாள். ஐந்தாம் வாய்ப்பாடு வரை சொல்வாள். ஆறு என்றதும் உதடு ஒட்டிக்கொள்ளும். போன வருஷம் அதனால்தான் நின்றுபோனாள்.

பேராசைக்காரர் ஒருவர் பிள்ளையைக் காட்டுக்கு இழுக்கிறார் என்று எழுதினால் கதை சுலபமாக இருக்கும். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. மனைவி செல்லாயிக்கு இடுப்பு வலி, குனிந்து நட முடியாது. அந்த வீட்டில் குனியக்கூடிய ஆட்கள் இரண்டே பேர்தான். அதில் ஒருத்தியைப் பள்ளிப் படிப்பு முடிகிற வரை ஆறு வருஷத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்றால் எந்தத் தகப்பனும் யோசிக்கத்தான் செய்வான்.

உள்பல்லும் வெளிப்பல்லும்

நாற்பதுக்கு அடி வாங்கிப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அவள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அடித்ததால்தான் நின்றுவிட்டாளோ என்று எனக்கு உள்ளே குறுகுறுத்தது. மூன்றாம் நாள் காலையில் வெள்ளனே கிளம்பி அவர்கள் வீட்டுக்கே போனேன்.

அம்மாவும் மகளும் வாசலில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அடுப்புக்கு மேலே பரணில் புகை குடித்துப் பழுத்திருந்த விதைப்பூண்டை இறக்கிப் பல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனையைச் சொன்னால் புரியாது. பச்சைப் பூண்டின் காரமும் விறகுப் புகையும் ஒன்றாகி மூக்கில் ஏறும், கண்ணில் நீர் வரும். என்னைப் பார்த்ததும் குருவம்மா எழுந்து நின்றாள். நடவு முடிந்ததும் வந்துவிடுவாள் என்று செல்லாயி சொல்லிவிட்டு, எனக்குச் சுக்குத் தண்ணீர் வைக்க உள்ளே போனாள்.

நான் குருவம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பூண்டை உள்ளங்கையில் வைத்து ஒரு திருகு. பருத்த பற்கள் இடப்பக்கம் விழும். நடுவில் இருக்கும் ஒல்லிப் பற்கள் வலப்பக்கம் ஒரு சட்டியில் விழும். சட்டியில் போவது எதற்கு என்று கேட்டேன்.

"அது உள்பல்லுங்க டீச்சர். நட்டா கொடி போயிரும், காய் வெக்காது. கொழம்புக்குத்தான்" என்றாள்.

இடப்பக்கம் விழுந்ததை எண்ணினேன். எட்டு. அடுத்த பூண்டில் ஏழு. அதற்கடுத்ததில் மறுபடி எட்டு. எண்ணிக்கொண்டே மனசுக்குள் கணக்குப் போட்டேன். பன்னிரண்டு பல் உள்ள பூண்டு என்று நான் சொன்னேன். அதில் நாலு உள்பல், சட்டிக்குப் போய்விடும். மிச்சம் எட்டு. ஐந்து பூண்டுக்கு?

"ஏ புள்ள, அன்னிக்கு நாப்பதுன்னு எழுதுனியே, அது விதைக்கா?" என்று கேட்டேன்.

ஆமாம் என்று தலையாட்டினாள். வேறு எதற்குப் பல்லை எண்ணுவார்கள் என்று அவள் முகத்தில் ஒரு கேள்வி இருந்தது. அந்த ஊரில் பூண்டுப் பல்லை எண்ணுவது விதைக்கு மட்டும்தான். முப்பத்தைந்து போட்டவன் அவன் வீட்டுப் பூண்டை நினைத்துப் போட்டிருக்கிறான். பார்த்தால்தான் தெரியும் என்றவன் அத்தனை பேரிலும் உத்தமன். எட்டுப் பேரும் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். கேட்டவளுக்குத்தான் பூண்டைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. சரியான விடைக்காக ஒரு பிள்ளையை மூன்று தடவை அடித்திருக்கிறேன் என்பது புரிந்ததும், செல்லாயி கொடுத்த சுக்குத் தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. அப்போதெல்லாம் டீச்சர்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்பதில்லை. இப்போது கேட்கிறேன்.

கடைசிப் பாத்தி

அந்தச் சனிக்கிழமை அவர்கள் காட்டுக்கே போய்விட்டேன். என்ன சாக்குச் சொல்லிப் போனேன் என்று ஞாபகம் இல்லை. எதையோ பார்த்தாக வேண்டும் போல இருந்தது.

மேலேயிருந்து படிக்கட்டெல்லாம் நட்டு முடித்திருந்தார்கள். ஓரத்தில் சின்னதாக ஒரு பாத்தி மட்டும் மிச்சம். ஈரமண் கறுப்பாக மின்னிற்று. பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்து முழங்காலை மூடும், விலகும், மறுபடி மூடும். செல்லாயி கூடையோடு வரப்பில் நின்று, இந்தப் பாத்திக்கு எத்தனை பல் வேண்டும் என்று மகளைக் கேட்டாள். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நாலு விரல் இடைவெளி. குருவம்மா நாலு விரலை மண்ணில் வைத்து வைத்துக் குறுக்கே அளந்தாள். ஏழு. நெடுக்கே அளந்தாள். எட்டு. எழுந்து கையைத் தட்டிவிட்டு ஐம்பத்தாறு என்றாள்.

ஏழாம் வாய்ப்பாடு தெரியாத பிள்ளை. ஏழு என்றாலே உதடு ஒட்டிக்கொள்கிற பிள்ளை. எப்படி வந்தது என்று கேட்டேன். உடனே வலது கையை நீட்டி உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் அந்தக் கேள்வியைக் கேட்டால் அடுத்து அடிதான் விழும் என்று அவள் உடம்பு படித்துவைத்திருந்தது. என்னிடம் குச்சி இல்லை என்பதைக்கூட அவள் பார்க்கவில்லை.

கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன் என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம் சொன்னாள். குறுக்கே ஏழில் ஐந்தைத் தனியாக வைத்துக்கொண்டாளாம். ஐந்தைந்தாக எட்டு வரிசை, நாற்பது. ஓரத்தில் மிச்சம் இரண்டிரண்டாக எட்டு வரிசை, பதினாறு. பாத்தியின் நடுவே விரலால் ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் நாற்பது, அந்தப் பக்கம் பதினாறு என்று காட்டினாள்.

எனக்கு என்ன தோன்றிற்றோ, இது ஏழெட்டா எட்டேழா என்று கேட்டேன். அவள் வரப்பைச் சுற்றிக்கொண்டு பாத்தியின் பக்கவாட்டில் போய் நின்றாள்.

"அங்கிட்டு நின்னா ஏழு ஏழா எட்டு வரிசை. இங்கிட்டு நின்னா எட்டு எட்டா ஏழு வரிசை. நாமதானுங்க டீச்சர் எடம் மாறுறோம். பூண்டு அங்கனயேதான கெடக்கு."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மிகைப்படுத்தவில்லை. ஏழெட்டையும் எட்டேழையும் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், சந்தனக் கல் பக்கத்தில் நின்று கூட்டத்துக்கே சொல்லியிருக்கிறேன். அவை இரண்டும் ஒரே பாத்தி என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்குத் தெரிந்தது. நானும் வரப்பைச் சுற்றிப் போய் அவள் பக்கத்தில் நின்று பார்த்தேன். திரும்பி வந்து பழைய இடத்தில் நின்று பார்த்தேன். செல்லாயி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

இதை ஏன் பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் சொல்லவில்லை என்று கேட்டதற்குக் குருவம்மா சொன்னாள்: "அது கணக்குங்க. இது நடவுங்க."

சத்தம் போடாத வகுப்பு

குச்சியை அன்றே ஒடித்துப் போட்டேன் என்று எழுத ஆசைதான். பொய் எழுதக்கூடாது. அது இன்னும் ஒரு மாதம் அலமாரி மேல் இருந்தது. இரண்டு தடவை கீழே இறங்கியும் வந்தது. ஆனால் அதற்கப்புறம் தப்பு என்று சொல்வதற்கு முன்னால் எப்படி வந்தது என்று கேட்க ஆரம்பித்தேன். முதலில் எட்டுக் கைகளும் நீண்டன. தை மாதம் வந்தபோது ஒன்றும் நீளவில்லை.

பள்ளிக்கூடத்தைச் சுற்றித் தைலமரங்கள். அவற்றின் காய் சின்னப் பம்பரம் மாதிரி இருக்கும், காலில் குத்தும். அதைச் சாக்கு நிறையப் பொறுக்கி வந்து முற்றத்தில் பாத்தி போட்டோம். ஆறேழு, எட்டொன்பது எல்லாம் தரையில் படுத்துக்கிடந்தன. பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள், உடைத்தார்கள், சேர்த்தார்கள். வகுத்தல் வந்தது. மிச்சம் என்றால் என்னவென்று யாருக்கும் சொல்லிக்கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை, கையில் இருந்தது.

எங்கள் தலைமையாசிரியர் கன்னிவாடிக்காரர். திங்கள்கிழமை ஏறி வருவார், வெள்ளிக்கிழமை இறங்கிவிடுவார். நல்ல மனிதர். அவருக்கு ஒரே குறை, என் வகுப்பிலிருந்து வாய்ப்பாட்டுச் சத்தம் கேட்கவில்லை என்பதுதான். பள்ளிக்கூடம் என்றால் ரோட்டில் போகிறவனுக்குக் கேட்க வேண்டும் என்பது அவர் கொள்கை. "ஏம்மா, புள்ளைகள வெச்சு காய் பொறுக்கிட்டு இருக்கீங்களாமே" என்று ஒருநாள் கேட்டார். விடுதிக்குக் குருவம்மா பெயரை நான் எழுதிக் கொடுத்தபோது பேனாவை மூடி வைத்துவிட்டார். ஆறாம் வாய்ப்பாடு சொல்லச் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அவளுக்கு அது அப்போதும் பாட்டாக வராது. நான் மூன்று நாள் அவர் மேஜை முன்னால் போய் நின்றேன். நாலாம் நாள், "போயிட்டு வெரசாத் திரும்பி வரப்போறீங்க, வேற என்ன" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

கண்ணாடி ஜன்னல் அறை

ஏப்ரலில் மாயாண்டி, குருவம்மா, நான் மூன்று பேரும் காய்கறி லாரியில் கொடைக்கானலுக்கு வந்து இறங்கினோம். சீசன் தொடங்கியிருந்தது. வெளியூர்க்காரர்கள் குல்லாயும் ஸ்வெட்டருமாக ஏரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். பாவாடைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு குருவம்மா ஒன்றையும் வேடிக்கை பார்க்காமல் நடந்தாள். வழியில் மாயாண்டி என்னிடம் ஒன்றுதான் சொன்னார். அந்தம்மா கேட்பதற்குப் பதில் சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். அதைத் தாண்டி ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை.

பெரிய அறை. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். மெழுகு பூசிய தரை வழுக்கிற்று. விடுதியைப் பார்த்துக்கொண்ட வார்டன் அம்மாதான் கேள்வி கேட்டார். நறுக்கென்று பேசுகிறவர். தமிழ் வாசிக்கச் சொன்னார், வாசித்தாள். தலையாட்டினார். பிறகு கணக்கு. ஏழொன்பது எத்தனை என்று கேட்டார்.

குருவம்மா குனிந்துகொண்டாள். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வார்டன் அம்மா பேனாவால் மேஜையைத் தட்டினார். மாயாண்டி கதவைப் பார்த்தார். எனக்கு அவள் வலது கை மட்டும் தெரிந்தது. பாவாடை மடிப்புக்குள் விரல் மெல்ல மெல்ல இறங்கி ஏறியது. நட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு மட்டும் புரிந்தது.

"அறுவத்திமூணுங்க" என்றாள்.

"இவ்ளோ டைம் எடுத்தா எப்படி? டேபிள்ஸ் பை ஹார்ட் பண்ணலையா?"

"இல்லீங்க."

எனக்கு அந்த வழுக்குத் தரைக்குள் இறங்கிவிடலாம் போல இருந்தது. பின்னே எப்படி வந்தது என்று வார்டன் அம்மா கேட்டார். அதே கேள்விதான்.

"பத்துப் பல்லா ஏழு வரிசை நட்டேனுங்க. எழுவது. ஒவ்வொரு வரிசையிலயும் கடைசிப் பல்லு முளைக்கல. ஏழு போச்சு."

இது நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. நாங்கள் முற்றத்தில் ஐந்தாக உடைத்துத்தான் போடுவோம். இல்லாத வரிசையை நட்டுவிட்டுப் பிறகு பிடுங்குவதை அவளே, அங்கேயே, அந்த அறையில் நின்று கண்டுபிடித்திருக்கிறாள். வார்டன் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். பத்தொன்பதேழு என்று கேட்டார். இந்தத் தடவை அவள் தரையைப் பார்க்கவே இல்லை. இருபது பல்லாக ஏழு வரிசை நூற்று நாற்பது, ஏழு முளைக்கவில்லை, நூற்று முப்பத்து மூன்று என்றாள்.

வார்டன் அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பத்தொன்பதைப் பத்தொன்பதால் பெருக்கினால் எத்தனை என்று கேட்டுவிட்டு, ஒரு தாளை எடுத்துத் தானும் பெருக்க ஆரம்பித்தார். அது அவருக்கும் தெரியாது. என்னுடைய வாய்ப்பாடு பதினாறோடு சரி, எனக்கும் தெரியாது.

"முந்நூத்தி அறுவதுங்க" என்றாள் குருவம்மா.

வார்டன் அம்மா தன் தாளைப் பார்த்தார். இல்லையம்மா, தப்பு என்று தன்மையாகத்தான் சொன்னார். மாயாண்டி கம்பளியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பரவாயில்லை, நன்றாகத்தான் சொன்னாய் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். என் கண் அவள் வலது கைக்குப் போயிற்று. அது நீளவில்லை.

"இருங்கம்மா. எங்க தப்புன்னு பாக்குறேன்."

வார்டன் அம்மாவையே இருக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு கையும் காற்றில் பிடுங்க ஆரம்பித்தன. உதடு அசைந்தது. இருபது இருபதாக இருபது வரிசை, நானூறு. கடைசி வரிசையைப் பூராவும் பிடுங்கினாள், இருபது. பக்கவாட்டில் கடைசிப் பல் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு கீழே வந்தாள். கடைசியில் கை ஓரிடத்தில் நின்றது. அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

"மூலையில இருந்த பல்ல ரெண்டு தடவ பிடுங்கிட்டேனுங்க. அங்க இருந்தது ஒண்ணுதான. ஒண்ணத் திருப்பி நட்டுறணும். முந்நூத்தி அறுவத்தொண்ணு."

வார்டன் அம்மா தாளைத் திருப்பி எங்கள் பக்கம் வைத்தார். முந்நூற்று அறுபத்தொன்று.

முப்பத்து நாலு வருஷம் டீச்சராக இருந்தேன். மாநிலத்தில் முதலாவதாக வந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். ஆனால் தன் தப்பு எங்கே கிடக்கிறது என்று ஒரு பிள்ளை பயமில்லாமல் உள்ளே போய், அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வருவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். என் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. சந்தோஷம் என்று அதைச் சொல்ல முடியாது. சந்நிதியில் திரை விலகும்போது வருமே, அந்த நடுக்கம்.

ஜூன் முதல் தேதி கொண்டுவந்து விடுங்கள் என்று வார்டன் அம்மா மாயாண்டியைப் பார்த்துச் சொன்னார். அவர் கும்பிட்டார். "பாப்பம்ங்க" என்றார்.

ஜல்லிக் குவியல்

லாரிக்காக ரோட்டோரம் நின்றோம். ரோடு போடுவதற்காகக் கொட்டிவைத்திருந்த ஜல்லிக் குவியல் பக்கத்தில் இருந்தது. மாயாண்டி ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன முடிவு என்று கேட்க நான் துணியவில்லை. இடம் கிடைத்துவிட்டது, இனி அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்த முந்நூற்று அறுபத்தொன்றை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

திடீரென்று அவர் குத்துக்காலிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"அந்த மூலப் பல்லு எனக்கு வெளங்கல தாயி. சொல்லு."

குருவம்மா அவர் எதிரில் உட்கார்ந்தாள். இருபது வேண்டாம், ஐந்து போதும் என்று சொல்லி, ஐந்தைந்தாக ஐந்து வரிசை ஜல்லி வைத்தாள். நாலு நாலாக நாலு வரிசை எத்தனை என்று பார்க்கப்போகிறோம் என்றாள். மொத்தம் இருபத்தைந்து. கடைசி வரிசை ஐந்து போனால் இருபது. பக்கத்துப் பத்தி ஐந்து போனால் பதினைந்து. வாயால்தான் கழித்தாள், கல்லைத் தொடவில்லை. இப்போது கையால் எடுத்துப் பாருங்கள் என்றாள். மாயாண்டி கடைசி வரிசையை எடுத்தார், ஐந்து கல். பக்கத்துப் பத்தியை எடுக்கப் போனார். நாலு கல்தான் இருந்தது. ஐந்தாவது ஏற்கெனவே அவர் கையில் இருந்தது.

மண்ணில் மிச்சமிருந்ததை எண்ணினார். பதினாறு. மறுபடி எண்ணினார். கையில் இருந்த கற்களில் மூலைக் கல்லைத் தனியாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தெனமும் இந்த மூலைய மிதிச்சுத்தான வரப்பு ஏறுறேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

லாரி வந்து ஹாரன் அடித்தது. டிரைவர் தலையை நீட்டிக் கூப்பிட்டார். மாயாண்டி எழுந்திருக்கவில்லை. போகச் சொல்லிக் கையை ஆட்டிவிட்டு, என் பக்கம் திரும்பி, ஜூன் மாதம் எத்தனாம் தேதி என்று அந்தம்மா சொன்னார்கள் என்று கேட்டார். முதல் தேதி என்றேன். தலையாட்டிக்கொண்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மேகத்தைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சரி, பதினெட்டுக்குப் பதினெட்டு போடு பாப்பம்" என்பது எனக்குப் பின்னால் கேட்டது.

ஜல்லி உருளுகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். குருவம்மா குவியலிலிருந்து இரண்டு கையாலும் கல்லை வாரி அவர் முன்னால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"நீங்க போடுங்கய்யா. தப்பா வந்தா பாத்துக்கலாம்."

மாயாண்டி கம்பளியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, நாலு விரலைத் தரையில் ஊன்றி அளந்து, முதல் கல்லை வைத்தார்.